லேவியராகமம் 19 முதல் எரிகோ சாலை வரை: பிறனை நேசிக்கக் கற்கும் ஐந்து வார வேதபாட வழிகாட்டி

“உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்ற வார்த்தை காலண்டரிலும் ஆலயச் சுவரிலும் தொங்குகிறது. அது முதலில் எங்கே வருகிறது என்று கேட்டால் பலர் மத்தேயு என்பார்கள். அது பழைய ஏற்பாட்டிலுள்ள லேவியராகமம் 19:18-இன் பின்பாதி. அதே வசனத்தின் முன்பாதி பழிவாங்குவதைப் பற்றியது. முந்தின வசனம், தப்பு செய்தவனை நேரில் கடிந்துகொள்வதைப் பற்றியது. ஐந்து வசனம் மேலே போனால் கூலிப் பாக்கி. ஒன்பது வசனம் மேலே போனால் வயல் ஓரத்தில் அறுக்காமல் விட வேண்டிய கதிர்.

பிறனை எப்படி நேசிப்பது என்று தனியாக யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. அந்த வசனத்தைச் சுற்றியுள்ள வசனங்களே அதைக் கூலி, தராசு, பேச்சு, நியாயம் என்று இறக்கி வைத்திருக்கின்றன. அவற்றை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தால் செய்ய வேண்டியது தானாகக் கண்ணில் படும். வீட்டு ஜெபக்கூட்டமோ வாலிபர் ஐக்கியமோ ஐந்து வாரத்தில் செய்து முடிக்கும்படி கீழே படிகள் உள்ளன. தனியாகப் படிப்பவரும் பின்பற்றலாம். ஆனால் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, கேள்வி கேட்க ஒரு ஆளாவது கூட வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

ஆட்கள் 6 முதல் 8 பேர். 10-ஐத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நேரம் 75 நிமிடம்: வாசிப்புக்கு 10, குறிப்பதற்கு 25, பேச்சுக்கு 25, தீர்மானத்துக்கு 10, ஜெபத்துக்கு 5. பாட்டுப் பாட விரும்பினால் இதற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைக்காதீர்கள். பசியோடு இருப்பவர்கள் லேவியராகமத்தை வாசிக்க மாட்டார்கள்.

லேவியராகமம் 19 முழுவதையும், 37 வசனங்களையும், ஆளுக்கொரு தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். இடையில் அச்சகத்தார் சேர்த்த உபதலைப்புகளை நீக்கிவிடுங்கள். அவை மூலத்தில் இல்லாதவை. வாசிப்பவர் முடிவை எட்டுமுன்பே ஒரு முடிவைக் கையில் கொடுத்துவிடுகின்றன. பழைய திருப்புதல் ஒன்று, 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ஒன்று என இரண்டும் அறையில் இருந்தால் கத்தோலிக்க நண்பர்களும் சேர்ந்து உட்காரலாம். கடினமான வாக்கியத்தை மற்றதில் பார்த்துத் தெளியலாம். மூன்று நிறப் பென்சில்கள் போதும்.

நடத்துபவர் முன்கூட்டி இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அதிகாரத்தை மூன்று முறை வாசித்திருக்க வேண்டும். விளக்கவுரைப் புத்தகத்தை மூன்றாம் முறைக்குப் பிறகு திறக்கட்டும்.

முதல் வாரம்: அதிகாரத்தை அதன் போக்கில் வாசிப்பது

ஒருவர் சத்தமாக முழு அதிகாரத்தையும் நிறுத்தாமல் வாசிக்கட்டும். ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகாது. நடுவில் யாராவது விளக்கம் சொல்லத் தொடங்கினால் அன்போடு நிறுத்துங்கள்.

அடுத்து முதல் நிறம். “நான் கர்த்தர்” அல்லது “நான் உங்கள் தேவனாகிய கர்த்தர்” என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் கோடிடச் சொல்லுங்கள். 3-ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை 15 இடங்கள் கிடைக்க வேண்டும். குறைந்தால் திரும்ப வாசியுங்கள். இந்த அதிகாரத்துக்குப் பத்தி பிரித்துக் கொடுப்பது இந்தச் சொற்றொடர்தான். பகுதிகள் அதில்தான் முடிகின்றன.

இரண்டாவது நிறத்தில், கட்டளை யாரைப் பாதுகாக்கிறது என்று குறியுங்கள்: எளியவன், பரதேசி, கூலிக்காரன், செவிடன், குருடன், நரைத்தவன், அந்நியன். மூன்றாவது நிறத்தில், இன்று நமக்கு விளங்காத வசனங்கள். 19, 27, 28 ஆகியவை எல்லார் தாளிலும் நிறமேறி இருக்கும்.

விளங்காத வசனங்களை என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளிலேயே வெடிக்கும். “இருவகை நூல் கலந்த வஸ்திரம் கூடாது என்கிறதே, நாம் டெரிகாட்டன் போடுகிறோமே, அப்படியானால் 18-ஆம் வசனம் மட்டும் ஏன் செல்லும்?” நல்ல கேள்வி. மழுப்பாதீர்கள். நியாயப்பிரமாணத்தை ஒழுக்கம், சடங்கு, குடியியல் என்று மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் சபைகளில் உண்டு. ஆனால் இந்த அதிகாரம் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. பிறனை நேசி என்பதும் நூலைக் கலக்காதே என்பதும் அடுத்தடுத்த வசனங்கள். ஆகவே ஒவ்வொரு வசனத்திடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, அதிகாரமே காரணம் சொல்கிறதா? 28-ஆம் வசனம் “செத்தவனுக்காக” உடலைக் கீறிக்கொள்வதைப் பேசுகிறது. அது துக்கச் சடங்கைப் பற்றியது. 19-ஆம் வசனத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. உபாகமம் 22:11 அதை ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் என்று குறிப்பாக்குகிறதே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாத காரணத்தை நாம் கற்பிக்க வேண்டாம்.

இரண்டு, புதிய ஏற்பாடு இதை எப்படிக் கையாளுகிறது? அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் சபை கூடி, புறஜாதி விசுவாசிகள்மேல் மோசேயின் பிரமாணம் முழுவதையும் சுமத்துவதில்லை என்று தீர்மானித்தது. மறுபுறம் லேவியராகமம் 19:18-ஐ இயேசுவும் பவுலும் யாக்கோபும் நேரடியாக எடுத்து வைக்கிறார்கள்: மத்தேயு 22:39, மாற்கு 12:31, லூக்கா 10:27 (அங்கே கேள்வி கேட்டவன் சொல்ல, இயேசு சரி என்கிறார்), ரோமர் 13:9, கலாத்தியர் 5:14, யாக்கோபு 2:8.

மூன்று, அந்தக் கட்டளை யாருடைய நன்மைக்காக? இந்த மூன்றாம் கேள்விதான் அடுத்த வாரத்துக்கு வாசல்.

இரண்டாம் வாரம்: 9 முதல் 18 வரை ஐந்து கட்டுகள்

ஐந்து வாரத்தில் அதிக நேரம் இங்கே செலவாகட்டும். தேவைப்பட்டால் இரண்டு வாரமாக நீட்டுங்கள். வேறு எதையும் நீட்ட வேண்டாம். 9–10, 11–12, 13–14, 15–16, 17–18 என்று ஐந்து கட்டுகள். ஒவ்வொன்றும் “நான் கர்த்தர்” என்ற குரலோடு முடிகிறது. வயலில் தொடங்கி, கொடுக்கல் வாங்கல், கூலி, நியாயத்தலம் என்று நடந்து, கடைசிக் கட்டு மனதுக்குள் போய் நிற்கிறது. நம் பிரசங்கங்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். முதலில் உணர்ச்சியைப் பேசுவோம், கூலியைப் பேசுமுன் நேரம் முடிந்துவிடும்.

*9–10, வயல் ஓரம்.* “உன் வயலின் ஓரத்திலிருக்கிறதைத் தீர அறுக்காமலும், சிந்திக்கிடக்கிற கதிர்களைப் பொறுக்காமலும்” இருக்க வேண்டும். எவ்வளவு ஓரம் என்று வசனம் சொல்லவில்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, பேயா என்ற பகுதியில், அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று தளம் போட்டது. மாதம் 30,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டுக்கு அது 500 ரூபாய். இது கிறிஸ்தவருக்குச் சட்டம் அல்ல. ஆனால் “எவ்வளவு?” என்ற கேள்விக்குக் குழுவில் ஒரு தொடக்க எண் கிடைக்கிறது. தசமபாகத்திலிருந்து கழித்துக்கொள்ளாமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எண்ணைவிட முக்கியமானது முறை. உரிமையாளன் அறுத்து மூட்டை கட்டி ஏழையின் வீட்டு வாசலில் இறக்கவில்லை. விட்டுவிட்டான், ஏழை வந்து தன் கையால் அறுத்துக்கொண்டான். ரூத் 2-ஆம் அதிகாரத்தில் அது நடப்பதைப் பார்க்கலாம். ரூத் காலை முதல் சாயங்காலம் வரை வேலை செய்து, தன் தானியத்தைத் தானே தட்டி எடுத்துப் போகிறாள். இன்று இதற்கு ஈடு என்ன? தெருமுனை மளிகைக் கடையில் ஒரு குடும்பத்தின் பெயரில் முன்பணம் கட்டிவிடுங்கள். என்ன வாங்குவது என்று அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். நீங்கள் கட்டிய பொட்டலத்தில் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடாத ரவை மூன்று கிலோ இருக்கும். தள்ளுவண்டிக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் இருப்பதும் ஓரம் விடுவதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் அசனப் பண்டிகையில் வந்தவர் யாரென்று கேட்காமல் பந்தியில் உட்கார வைப்பார்களே, அந்தப் பழக்கம் வருஷத்தில் ஒரு நாளோடு நிற்க வேண்டுமா என்று குழுவில் கேளுங்கள்.

*11–12, களவும் பொய்யும்.* இதை நீட்ட வேண்டாம். தெளிவாகவே இருக்கிறது. 35, 36-ஆம் வசனங்களையும் இதோடு சேர்த்து வாசியுங்கள்: “சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும்,” அதாவது கள்ளமில்லாத எடை. குழுவில் கடை வைத்திருப்பவர் இருந்தால் அவரைப் பார்த்துக்கொண்டே வாசிக்காதீர்கள்.

*13–14, கூலி.* “கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.” அன்றன்று கூலி வாங்கி அன்றன்று சாப்பிடுகிறவனுக்கு ஒரு இரவு தாமதம் என்பது ஒரு வேளை பட்டினி. குழுவில் ஒவ்வொருவரும் ஒரு தாளை எடுத்து, தம்மிடம் பணம் வாங்க வேண்டியவர்களின் பெயரை எழுதட்டும்: வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பால்காரர், இஸ்திரி போடுபவர், ட்யூஷன் டீச்சர், மேஸ்திரி, ஆட்டோக்காரர், ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குபவர், வாட்ச்மேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம்: எந்தத் தேதியில் தர வேண்டும், எந்தத் தேதியில் தந்தோம், பாக்கி எவ்வளவு. இந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். அடுத்த வாரத்துக்குள் பாக்கியைத் தீர்ப்பதுதான் இந்த வாரத் தீர்மானம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. மாதச் சம்பளத்தை 1-ஆம் தேதி தராமல், நமக்குச் சம்பளம் வந்த பிறகு தருவது. வேலைக்காரர் லீவு எடுத்த நாளைக் கழித்துவிட்டு, நாம் ஊருக்குப் போய் அவரை வர வேண்டாம் என்று சொன்ன நாளையும் கழிப்பது. மூன்றாவது, பாக்கி வைத்துக்கொண்டே “அவசரத்துக்கு அட்வான்ஸ்” என்று அவருடைய பணத்தையே உதவி போலக் கொடுப்பது. மூன்றாவதைச் செய்பவருக்கு அது தெரிவதே இல்லை. தாளில் தேதி எழுதும்போதுதான் வெளிப்படும். சபையும் இதற்கு விலக்கல்ல. ஊழியர், இசைக் கருவி வாசிப்பவர், பந்தல்காரர் எல்லாருக்கும் “ஊழியம்தானே” என்று சொல்லித் தாமதிப்பதை யாக்கோபு 5:4 பிடித்துக்கொள்கிறது: பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று.

“செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும்” என்பது இதே கட்டில் வருவதற்குக் காரணம் உண்டு. கூலிக்காரனைப் போலவே இவர்களும் எதிர்த்துக் கேட்க முடியாதவர்கள். உங்கள் ஆலய வாசலில் எத்தனை படிகள், சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று அளந்து பார்த்துவிட்டு வாருங்கள். நாற்காலிக்குக் குறைந்தது 90 செ.மீ. அகலக் கதவு வேண்டும்.

*15–16, நியாயமும் நாவும்.* 15-ஆம் வசனம் இருபுறமும் வெட்டும்: பெரியவனுக்கு அஞ்சாதே, சிறியவனுக்கும் முகதாட்சிணியம் செய்யாதே. ஏழை என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. அன்பு நியாயத்தைத் தள்ளிவைப்பதில்லை.

16-ஆம் வசனம்: “அங்கும் இங்கும் கோள்சொல்லித் திரியாயாக.” வேதபாடக் குழுக்களுக்கு இதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது, ஜெபக்குறிப்பு. “நம்ம சகோதரி வீட்டில் கொஞ்சம் பிரச்சனை, மகள் விஷயம், பாரத்தோடு ஜெபிக்கணும்” என்று தொடங்கினால் கோள் பக்தி உடை உடுத்திவிடும். குழுவுக்கு ஒரு விதி வையுங்கள். மற்றொருவரைப் பற்றிய ஜெபக்குறிப்பை அவருடைய அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. அனுமதி வாங்காதவர், “ஒரு குடும்பத்துக்காக” என்று மட்டும் சொல்லட்டும். தேவனுக்கு முகவரி தெரியும். வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயர், வார்டு எண், பரிசோதனை முடிவின் படம் ஆகியவற்றைப் போடவே கூடாது. கர்ப்பம், கடன், கல்யாணப் பேச்சு இந்த மூன்றும் சம்பந்தப்பட்டவர் வாயிலிருந்து மட்டும் வரட்டும்.

16-இன் பின்பாதியை மறக்காதீர்கள். “பிறனுடைய இரத்தப்பழிக்கு உட்படவேண்டாம்.” பிறன் இரத்தம் சிந்தும்போது சும்மா நிற்காதே என்று யூத மரபு இதை வாசிக்கிறது, ஆபத்தில் இருப்பவனைக் காப்பாற்றும் கடமையை இந்த வசனத்திலிருந்தே மிஷ்னாவை விளக்கும் தால்முத் எடுக்கிறது. மூன்றாம் வாரம் நல்ல சமாரியன் கதை நடக்கும் எரிகோ சாலைக்குப் போகும்போது இது கையில் இருக்க வேண்டும்.

*17–18, உள்ளம்.* “உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக” என்றதும் அடுத்து வருவது, பேசாமல் பொறுத்துக்கொள் என்பதல்ல. “அவனை எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்” என்பது. பேசாமல் விட்ட கோபம் பகையாகப் புளிக்கும், பகை பழியாகும். மத்தேயு 18:15 இதற்கு வழி சொல்கிறது: முதலில் தனித்திருக்கையில். நடைமுறையில் சொன்னால், போனில் வேண்டாம், மெசேஜில் வேண்டவே வேண்டாம், மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். நடந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்பதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு விலக்கு. அடிக்கிற கணவன், சிறுபிள்ளையைத் தொட்டவன் போன்றவர்களிடம் பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் போய்ப் பேசச் சொல்லாதீர்கள். அங்கே 16-ஆம் வசனம் முந்திக்கொள்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் அதற்காகவே உள்ளன.

மூன்றாம் வாரம்: லூக்கா 10:25–37

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனைக் கண்டும் ஆசாரியன் விலகிப் போக, ஒரு சமாரியன் காப்பாற்றுகிற கதை இது. நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதே இதில் உள்ள சிரமம். ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து தொடங்கினால் தெரிந்த கதைதானே என்ற அலுப்பு இறங்கும். லூக்கா 9:52–54-இல், யூதரோடு பகையிலிருந்த சமாரியரின் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினி இறக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தச் சூடு ஆறுமுன் அதே சமாரியரில் ஒருவனை இயேசு கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இயேசுவிடம் வந்த நியாயசாஸ்திரியின், அதாவது மோசேயின் சட்டம் கற்றவனின் கேள்வி, “எனக்குப் பிறன் யார்?” அதை முட்டாள்தனம் என்று தள்ளாதீர்கள். லேவியராகமம் 19:18 “உன் ஜனப்புத்திரர்” என்றும் சொல்கிறது. எல்லை உண்டு என்று வாதாட அவனிடம் வசனம் இருக்கிறது. ஆனால் பதினாறு வசனம் தள்ளி 19:34 இருக்கிறது: அந்நியனைச் சுதேசிபோல எண்ணி, “நீங்கள் உங்களில் அன்புகூருகிறதுபோல அவனிலும் அன்புகூருவீர்களாக.” அதே அளவுகோல், வேறு ஆள். அதிகாரத்தைப் பாதியில் நிறுத்தியவனுக்கு எல்லை கிடைக்கும், முழுக்க வாசித்தவனுக்குக் கிடைக்காது. முதல் வாரத்தில் 37 வசனத்தையும் வாசிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பின்னணியில் சொல்ல வேண்டியவை சில. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 750 மீட்டர், எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே 250 மீட்டர் அளவில். சுமார் 27 கி.மீ. தூரத்துக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம், வறண்ட மலைப் பாதை. சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் என்பது இரண்டு நாள் கூலி. மத்தேயு 20:2-இல் ஒரு நாளுக்கு ஒரு பணம் பேசுகிறார்கள். 2 நாளாகமம் 28:15-ஐயும் வாசியுங்கள். சிறைபிடித்த யூதருக்குச் சமாரியாவைச் சேர்ந்த ஆட்கள் உடுத்தக் கொடுத்து, எண்ணெய் வார்த்து, பலவீனரைக் கழுதைமேல் ஏற்றி எரிகோவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று இருக்கிறது. எண்ணெய், மிருகம், எரிகோ, சமாரியா நான்கும் அங்கே ஏற்கெனவே உண்டு.

இரண்டு தவறான வாசிப்புகளை இங்கே தடுக்க வேண்டும். முதலாவது, எல்லாவற்றையும் உருவகமாக்குவது: விழுந்தவன் ஆதாம், சத்திரம் சபை என்று ஆதிச்சபைப் போதகர் அகஸ்டினுக்கு முன்பிருந்தே இந்த வழக்கம் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் “நீயும் போய் அந்தப்படியே செய்” என்ற கடைசி வரிக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது, ஆசாரியன் தீட்டுக்குப் பயந்து போனான், யூத மதமே இப்படித்தான் என்று பேசுவது. ஏன் விலகிப் போனான் என்று வசனம் சொல்லவில்லை. கிரேக்க மூலத்தில் அவன் அந்த வழியே இறங்கிப் போகிறான், அதாவது எருசலேமை விட்டுப் போகிறான். ஆராதனை முறைமைக்குப் போகிற அவசரமும் இல்லை. கேள்வி கேட்டவனும் பதில் சொன்னவரும் யூதர்தான்.

பிறகு 33 முதல் 35 வரை வினைச்சொற்களை எழுதச் சொல்லுங்கள். கண்டான், மனதுருகினான், கிட்ட வந்தான், காயங்களில் வார்த்தான், கட்டினான், ஏற்றினான், கொண்டுபோனான், பராமரித்தான், கொடுத்தான், மறுபடி வருவேன் என்றான். மனதுருகியது ஒரு வினை. மீதி எல்லாம் கையும் காலும் பணமும். இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது: மறுநாள் அவன் தன் பயணத்தைத் தொடர்கிறான். சத்திரக்காரனிடம் ஒப்படைக்கிறான், செலவுக்குத் தருகிறான், திரும்பி வந்து கணக்குப் பார்க்கிறான். உதவிக்கு ஒரு கைமாற்றமும் ஒரு மறுபார்வையும் இருக்கிறது. இது தெரியாமல்தான் நல்ல மனதுள்ள ஒருத்தர் ஒரு குடும்பத்தை முழுக்கத் தோளில் ஏற்றி, மூன்றாம் மாதம் போனை எடுக்காமல் தப்பித்துக்கொண்டு திரிகிறார்.

இந்த வாரத் தீர்மானம் சாலையைப் பற்றியதாகவே இருக்கட்டும். விபத்தைக் கண்டால் 108-க்கு அழைக்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, தீப்பிடிப்பது போன்ற ஆபத்து இல்லாதவரை, தூக்கி இழுக்கக் கூடாது. இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. போலீஸ், கோர்ட் என்ற பயத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பதில் வைத்திருக்கிறது. 134அ பிரிவின்படி உதவியவர்மேல் வழக்கு வராது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய “நம்மைக் காக்கும் 48” திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு ஏற்கிறது. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்று கண்டு வாருங்கள்.

நான்காம் வாரம்: யாக்கோபும் உட்காரும் இடமும்

யாக்கோபு நிருபத்தை ஒரு கையிலும் லேவியராகமம் 19-ஐ மறு கையிலும் வைத்து இணைத்துப் பாருங்கள். பட்சபாதம் 2:9-இல், லேவியராகமம் 19:15. விரோதமாய்ப் பேசுவது 4:11-இல், 19:16. கூலி 5:4-இல், 19:13. சத்தியம் பண்ணுவது 5:12-இல், 19:12. நடுவில் 2:8-இல் “ராஜரிக பிரமாணம்” என்று 19:18. நூல் பிடித்துப் போவதுபோல யாக்கோபு அந்த அதிகாரத்தைப் பிடித்துப் போகிறார்.

யாக்கோபு 2:2–3 கேட்பது எளிய கேள்வி: பொன்மோதிரக்காரர் எங்கே உட்காருகிறார், கந்தை உடுத்தவர் எங்கே? தமிழ்ச் சபையில் இதைப் பேசினால் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் இருக்கையிலும் நற்கருணையிலும் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் உள்ள ஊர்கள் உண்டு. “எங்க சபையில அதெல்லாம் இல்லை” என்று உடனே சொல்பவரிடம் வாதாடாமல் மூன்று விவரம் சேகரிக்கச் சொல்லுங்கள்: கடந்த பத்து வருஷத்தில் கமிட்டியில் இருந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள், அடக்கம் எங்கே நடந்தது, சபைக்குள் நடந்த கல்யாணங்களில் எத்தனை சாதி தாண்டியவை. விவரம் பேசட்டும்.

அந்நியன் என்ற சொல்லுக்கு இன்று உங்கள் தெருவில் ஆள் தேடினால், கட்டுமான வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; சில மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. பொட்டலத்தோடு போய் நிற்பதற்கு முன், என்ன தேவை என்று கேட்க ஒருமுறை போங்கள். வங்கிப் படிவம் நிரப்ப ஆள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூட வர ஒருவர், மருத்துவமனையில் மொழி பெயர்த்துச் சொல்ல ஒருவர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

பணம் சேர்ந்தால்

குழுவில் உதவிப் பணம் சேர்க்கத் தொடங்கினால் முதல் நாளே ஒரு நோட்டு வேண்டும். பணத்தை எண்ணுவது இரண்டு பேர், ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. வரவு, செலவு, தேதி, இரு கையெழுத்து. பெற்றவர் பெயர் தனி நோட்டில், இருவருக்கு மட்டும் தெரியும்படி. அப்போஸ்தலர் 6-இல் விதவைகளுக்கான அன்றாடப் பகிர்வில் முறுமுறுப்பு வந்தபோது அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பரிசுத்த ஆவி நிறைந்த சபைக்கே நிர்வாகம் தேவைப்பட்டது.

கொடுக்கும்போது புகைப்படம் எடுக்காதீர்கள். ஆராதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையை வாயாலோ பார்வையாலோ வைக்காதீர்கள். சமாரியன் சத்திரத்தில் விழுந்தவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு உதவிக்கும் மூன்று விஷயங்களைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்: எவ்வளவு, எத்தனை மாதம், அதற்குப் பிறகு யார். முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை போன்ற அரசு வழிகளுக்கு விண்ணப்பிக்கத் துணைபோவது, உங்கள் 500 ரூபாயைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஐந்தாம் வாரம்: கணக்கு

புதிய பாடம் வேண்டாம். லேவியராகமம் 19:9–18-ஐ மறுபடி வாசித்து, ஒவ்வொருவரும் செய்ததையும் செய்ய முடியாததையும் மட்டும் சொல்லட்டும். பெற்றவர்களின் பெயர் வேண்டாம். “பாக்கி தீர்ந்தது”, “பேசப் போனேன், கதவு திறக்கவில்லை”, “ஜெபக்குறிப்பில் வாய் தவறியது” என்ற அளவில் போதும். செய்யாதவரைக் குழு முன்னால் குடையாதீர்கள். காரணம் கேட்டு, அடுத்த தேதி ஒன்றை அவரே சொல்லட்டும். எல்லாரும் எல்லாவற்றையும் செய்துவிட்டதாகச் சொன்னால், தீர்மானங்கள் மிகச் சிறியவையாக இருந்தன என்று அர்த்தம்.

ஐந்து வாரம் முடிந்து தொடர விரும்பும் குழு உபாகமம் 24:10–15-க்குப் போகலாம். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். ஏழையின் போர்வை அடகாக இருந்தால் பொழுது போகுமுன் திருப்பித் தர வேண்டும். சபைக்குள் ஒருவருக்கொருவர் வட்டிக்குக் கொடுக்கும் ஊர் என்றால் யாத்திராகமம் 22:25-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அந்தப் படிப்புக்கு இரண்டு வாரம் முன்பே போதகரிடம் சொல்லிவிடுவது நல்லது. வட்டிக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும்.